தொப்பிக்காரி

மூன்று பத்துக்கு அந்த வீடியோ பெனிஷாவின் திரைக்கு வந்தது.

இந்தோனேசியாவில் ஏதோ ஓர் ஊர். சாலையோரக் காப்பிக்கடை. தாழ்ந்த பிளாஸ்டிக் முக்காலிகளில் நான்கு பேர். அவள் வயதுதான் இருக்கும், இருபத்திரண்டு, இருபத்து மூன்று. மேசையில் ஐஸ் போட்ட காப்பி, ஐந்து கிளாஸ். ஒன்றை யாரும் தொடவில்லை. ஐஸ் கரைந்து அதில் தண்ணீர் மேலாக நின்றது.

நான்கு பேரில் ஒருத்தி மஞ்சள் துணித்தொப்பி போட்டிருந்தாள். விளிம்பில் சூரியகாந்திப் பூ தைத்தது.

பெனிஷாவுக்கு அந்தத் தொப்பியைத் தெரியும். அந்த முகத்தைத் தெரியவில்லை.

கல்மண்டபத்தில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் அந்த ஆபீஸ். பதினான்கு பேர் உட்கார்ந்து, அந்த நாட்டுப் பிள்ளைகள் போடும் சின்ன வீடியோக்களைப் பார்த்து ரகம் பிரிக்கிறார்கள். உணவு, உடை, காதல், பயணம், ஆட்டம். மொழி தெரிய வேண்டியதில்லை. எழுத்தை மெஷின் மாற்றிக் கீழே தரும். ஒரு கணக்கிலிருந்து யார் போட்டாலும் அந்த வீடியோக்கள் எப்போதும் ஒரே மேசைக்குத்தான் வரும். வீடியோவுக்கு ஒரு பெட்டி. கடைசியில் ஒரு சிவப்புப் பெட்டி: உயிருக்கு ஆபத்து.

சிவப்பில் போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் அந்த மொழி தெரிந்த ஒருவர் பார்ப்பார், வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள் என்று சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். அதன் பிறகு அந்த ஆளின் வீடியோ இந்த ஆபீஸுக்கே வராது.

ஜனவரியில், பாலத்தின் கைப்பிடிச் சுவர்மேல் உட்கார்ந்து பாடிய ஒரு பையனைப் பெனிஷா சிவப்பில் போட்டாள். அதோடு அவன் வரவில்லை. இருக்கிறானா என்று டீம் லீடர் ஆலிஸிடம் கேட்டாள். அது நம் வேலை இல்லை என்றாள் ஆலிஸ். பெனிஷா ஞாயிறு ஆராதனையில் பெயர் தெரியாமலே அவனுக்காக ஜெபித்தாள்.

அந்த மஞ்சள் தொப்பியின் சொந்தக்காரி, பெனிஷா தொப்பிக்காரி என்று பெயர் வைத்திருந்தவள், ஐந்து மாதமாக வந்துகொண்டிருந்தாள். நினைத்தபோது ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மலைக்குப் போவாள். பழைய துணிச் சந்தையில் குவியலுக்குள் கைவிட்டு யாருடையதோ கொரியச் சட்டையை உருவி எடுப்பாள். இந்தக் காப்பிக்கடையில் சாயங்காலம் முழுக்க நண்பர்களோடு உட்கார்ந்திருப்பாள். சும்மா. அதையும் படம் எடுத்துப் போடுவாள்.

பெனிஷாவுக்கு ஆபீஸ் விட்டால் திருவொற்றியூர்த் தேரடியில் அப்பாவின் மளிகைக்கடை. கடை விட்டால் வீடு.

அந்தக் காப்பியில் பனைவெல்லம் போடுவார்கள் என்று ஒருநாள் எழுத்து சொன்னது. கடையில் கருப்பட்டி சிப்பம் சிப்பமாக இருந்தது. பெனிஷா ஒரு துண்டை நுணுக்கிக் காப்பியில் கலக்கி, ஐஸ் போட்டு, அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து குடித்தாள்.

“சளி பிடிக்கும்லா பிள்ள,” என்றார் அப்பா.

நான்கு நாள் முன்பு வந்தது பன்னிரண்டு விநாடி வீடியோ. கட்டில்மேல் துணிகள், தனித்தனிக் குவியலாக. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு, சீட்டில் ஒரு பெயர். தொப்பியிலும் சீட்டு. கூடைக்குள் பூனை இருந்தது. கூடையிலும் சீட்டு. தொப்பிக்காரி சிரித்துக் கையசைத்தாள். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன் என்றது எழுத்து.

அலமாரியைக் காலி செய்து தோழிகளுக்குக் கொடுப்பது அங்கே இப்போது எல்லாரும் செய்வது. நாளுக்கு நாற்பது வீடியோ வரும். பெனிஷா அதை உடையில் போட்டாள்.

“இன்னா பெனி, உன் தோஸ்து நாலு நாளா ஆளையே காணோம்? கண்ணாலம் கட்டிகினு பூட்டாளா?” பக்கத்து மேசை ரஞ்சித் நாற்காலியோடு உருண்டு வந்தான்.

அவன் வந்து நின்றபோது திரையின் கீழே எழுத்து மாறியது. உனக்கான மூன்றாம் நாள் பிரார்த்தனை முடித்துவிட்டு வந்தோம். உன் காப்பி இதோ.

ரஞ்சித் சூயிங்கம் மெல்வதை நிறுத்தினான்.

எந்தப் பெட்டி என்று திரை கேட்டது. பெனிஷா மௌஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கீழே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் நகராமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

ஆலிஸ் லேப்டாப்பைத் திறந்தபடியே கையில் ஏந்திக்கொண்டு வந்தாள். அந்தப் பன்னிரண்டு விநாடியைப் பிரித்தது யார் என்று மேலேயிருந்து மெயில் வந்திருந்தது.

“அவசரத்துல போட்டுட்டேன்க்கா,” என்றாள் பெனிஷா. ஆலிஸ் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

“யாரா இருந்தாலும் அத்தத்தான்க்கா போட்டுருப்பாங்கோ,” என்றான் ரஞ்சித். “அது பாட்டுக்கு சிரிச்சிகினு டாட்டா காட்டுது. யாரு கண்டாங்க? நானா இருந்தா ரெண்டே செகண்டுல தட்டிவுட்டுருப்பேன்.”

பின்வரிசையில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஒருத்தி எழுந்து வந்து பெனிஷாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

ஆலிஸ் ரஞ்சித்தை டீ வாங்கி வரச் சொன்னாள். அவன் படி இறங்கும் சத்தம் அடங்கும்வரை நின்றாள். பிறகு அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திருப்பி வைத்தாள்.

அதில் வீடியோ இல்லை. பெனிஷாவின் பெயர், தேதி, மணி, நிமிடம். நான்கு நாள் முன்பு அவள் தொட்டதெல்லாம் வரிவரியாக இருந்தது.

ஆலிஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“பன்னெண்டு செகண்டு வீடியோம்மா. பத்தொம்போது நிமிசம் பாத்துகினு இருந்துகீற. மூணு வாட்டி செவப்புல போட்டு, மூணு வாட்டியும் நீயே எடுத்துகீற. ஏம்மா எடுத்த?”