கட்டைவிரல் பருமன்

பழைய காரின் பின்பக்க உயரத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும்; அந்த வேலை முடியும்வரை ஜாக்கி அதைத் தூக்கிப் பிடித்திருந்தது. மெக்கானிக் செல்வின் காருக்கு அடியில் படுத்து, சக்கரத்தின் மேல் காரைத் தாங்கும் முறுக்குக் கம்பியை உருவி வெளியே வைத்தார். கட்டைவிரல் பருமன்தான்.

“இந்தக் குச்சியா தாங்குச்சு? அரை மணி நேரத்துக்கே எனக்கு மூச்சு வாங்குது. நீ எத்தனை வருஷமா?” என்று சிரித்தது ஜாக்கி.

“நாற்பது,” என்றது கம்பி.

செல்வின், கம்பி முன்பு இருந்த இடத்தில் போட்டிருந்த சாக்பீஸ் குறியிலிருந்து, அதன் முனையிலுள்ள பற்களில் ஒன்று தள்ளி அதை மாட்டி, ஜாக்கியை இறக்கினார். கம்பி சத்தமில்லாமல் முறுக்கிக்கொண்டது. கார் முன்பைவிட இரண்டு விரல் தாழ்ந்து, அப்படியே நின்றது. ஜாக்கியின் தலையில் இப்போது பாரமே இல்லை.

அது அண்ணாந்து பார்த்தது. “அண்ணே, உங்களுக்கு ஓய்வே கிடையாதா?”

“இப்பத்தானே எடுத்தேன். நீங்க பிடிச்சிருந்த அந்த அரை மணி நேரம்.”