பதினாறு முடிந்த கதாநாயகன்

மாங்கனித் திருவிழா மாம்பழத்தின் மேல் சத்தியம், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

நெடுங்காட்டில் டூரிங் கொட்டகை நடத்திய கைலாசநாதன், கூட்டம் அலைமோதிய படத்தின் இரண்டாம் பாகத்தைக் கொண்டுவந்தார். ஈ, காக்காய் வரவில்லை. கொட்டகையையே பிரிக்கவேண்டிய நிலை. ஒரு படம் விடாமல் பார்க்கும் தையல்நாயகியைத் தெருவில் மறித்துக் கேட்டார்.

“முதல் பாகத்துக்கு அப்படி அழுதியே தையல்நாயகி, இதுக்கு ஏன் வரல?”

“எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வர்றதுங்க? கதாநாயகன் செத்துட்டாருன்னு ஊரே கூடிப் பதினாறாம் நாள் காரியம் செஞ்சு, வடை பாயசத்தோட சாப்பிட்டோம். இப்ப போஸ்டர்ல குத்துக்கல்லாட்டம் நிக்கிறாரு! மொட்டை போட்டுக்கிட்டு முன்னால நின்னதே நீங்கதானே?”

கைலாசநாதன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார். உண்மை அவருக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் பாகத்தின் கடைசி ரீலில் கதாநாயகன் பிழைத்துக்கொள்வான். அந்த ரீல் மட்டும் நெடுங்காட்டுக்கு வந்து சேரவே இல்லை.