அணில் எடுத்த படம்

சினிமா படித்துக்கொண்டிருந்த அணில், தூக்கணாங்குருவி கூடு கட்டுவதைப் படமெடுத்தது. ஒரு நொடி சும்மா இருக்காத அணில் எடுத்த படமாயிற்றே, ஆடு ஆடென்று ஆடியது. எடுத்ததில் ஒன்றையும் வெட்ட மனமில்லாமல் முழுவதையும் போட்டுக் காட்டியது. தோப்பே தூங்கிவிட்டது.

"கூடு கட்டவே எனக்கு இவ்வளவு நேரம் ஆகலப்பா," என்றது குருவி.

அணிலின் முகம் சுருங்கிப் போனது. ஆனாலும் மறுநாளே கேமராவைத் தூக்கியது. வாலைக் கிளையில் அழுத்தி, மூச்சைப் பிடித்து, எறும்பையும் ஓணானையும் எடுத்துப் பழகியது. ஆசையாய் எடுத்த காட்சிகளையும் மெல்ல மெல்ல வெட்டக் கற்றது.

அடுத்த பருவத்தில் குருவி கட்டிய புதுக் கூட்டை எடுத்துக் காட்டியது. படம் முடிந்தும் தோப்பில் சத்தமே இல்லை. அணிலுக்குத் திக்கென்றது.

"நானா இவ்வளவு அழகாக் கட்டுறேன்?" என்று குருவி கேட்டதுதான் தாமதம், "இன்னொரு தடவை போடு!" என்று தோப்பே கத்தியது.