இரண்டாவது பிரசவம்

"எத்தனை பிரசவம்மா?" என்று நர்ஸ் கேட்டார். என் தங்கை மலர்க்கொடி என் பக்கம் திரும்பவே இல்லை.

"ரெண்டு" என்றாள்.

கயல்விழி படிவத்தில் எழுதிக்கொண்டாள். என் மகள், காலேஜில் இரண்டாம் வருடம். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதனால் சித்தியின் படிவத்தை நிரப்பும் வேலை அவளுக்கு வந்தது.

மலர்க்கொடி காலையில்தான் முசிறியிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். ஸ்ரீரங்கத்திலிருந்து நாங்கள் போய், சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து அவளை ஆட்டோவில் இந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தோம். மார்பில் கட்டி. புற்றுநோய்தான் என்று போன வாரமே சொல்லிவிட்டார்கள்.

முதல் பிள்ளைக்கு எவ்வளவு நாள் பால் கொடுத்தாள் என்று கேட்டார்கள். இரண்டு வருடம். இரண்டாவதற்கு? கொடுக்கவே இல்லை.

பால் கொடுப்பது இந்த நோய்க்குக் கொஞ்சம் பாதுகாப்பு என்றார் நர்ஸ். யாரையும் குத்திச் சொல்லவில்லை, பொதுவாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

அந்தப் பாலை வற்ற வைத்தவள் நான்.

அந்தப் பிரசவம் முடிந்த கையோடு பூ மார்க்கெட்டில் உதிரி மல்லிகை வாங்கிக்கொண்டு போய், அவள் மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினேன். பால் வற்ற எங்கள் பக்கம் அப்படித்தான் செய்வார்கள். மூன்று நாள், பூ வாட வாட மாற்றிக் கட்டினேன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். சரியாயிடும் சரியாயிடும் என்று தலையைத் தடவிக் கொடுத்தேன். நல்ல அக்கா!

அன்றைக்குப் பால் கொடுக்க விட்டிருந்தால் இது வராமல் போயிருக்குமா? அப்படிச் சொல்ல முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

இரண்டாவதற்கு ஏன் கொடுக்கவில்லை என்று நர்ஸ் விடாமல் கேட்டார்.

"பொறந்த அன்னைக்கே செத்துப்போச்சுங்க" என்றாள் மலர்க்கொடி. குரல் பிசிறவில்லை.

"ஐயோ சித்தி" என்று கயல்விழி அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். பிறகு அதையும் எழுதினாள்.

நர்ஸ் அடுத்த பக்கத்துக்குப் போனார். மகள் இருந்தால் அந்தப் பெண்ணுக்கும் வர வாய்ப்பு கூடுதல், சின்ன வயதிலிருந்தே டாக்டரிடம் காட்டிக்கொள்ள வேண்டும் என்றார். சித்திக்கு ஒரே பையன்தான் என்று கயல்விழியே பதில் சொன்னாள்.

அப்போதுதான் மலர்க்கொடி என்னைப் பார்த்தாள்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் பிள்ளையில்லாமல் இருந்தவள் நான். இரண்டாவதை எனக்குக் கொடு, யாரிடமும் மூச்சு விடாதே என்று அவளிடம் சத்தியம் வாங்கினேன். இருபது வருடம் காப்பாற்றினாள். இன்று, தான் பெற்ற பிள்ளையையே எதிரில் உட்கார வைத்துக்கொண்டு, செத்துவிட்டது என்று சொல்லியும் காப்பாற்றிவிட்டாள்.

இனி அதை உடைக்க என்னால் மட்டும்தான் முடியும்.

"மகள் இருக்கா" என்றேன். "நல்லா இருக்கா. அதை அடிச்சிட்டு எழுதணும்."

நர்ஸ் நிமிர்ந்தார். பெயர் என்ன என்று கேட்டார்.

கயல்விழி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அந்த வரியை அடித்துவிட்டு, நான் சொல்லப்போகும் பெயரை எழுதப் பேனாவோடு காத்திருந்தாள்.