நாற்பத்திரண்டாவது ஓட்டு

போலீஸ் மீது யார் புகார் கொடுத்தாலும், அது உண்மையா என்று அந்தத் தெருக்காரர்களே செல்போனில் ஓட்டுப் போட்டுச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு ஓர் ஓட்டு. தன் கணவன் சூசையைப் போலீஸ்காரர்கள் நடுத்தெருவில் வைத்து அடித்து வலது கையை உடைத்ததாக ரெஜினா புகார் கொடுத்திருந்தாள். சாயங்காலத்துக்குள் நாற்பத்தொரு வீடுகள் 'நடக்கவில்லை' என்று போட்டுவிட்டன.

எதிர்வீட்டுப் பாக்கியம் ஒரு கிண்ணம் மீன்குழம்போடு வாசலில் வந்து நின்றாள்.

"தப்பா நினைக்காதக்கா. நானும் பாத்தேன்தான். எம் மவன் பாஸ்போர்ட்டுக்கு ஸ்டேஷன்ல இருந்து விசாரிக்க வருவாங்கல்லா."

ரெஜினா கிண்ணத்தை வாங்காமல் உள்ளே போனாள். அவர்கள் வீட்டு ஓட்டுதான் பாக்கி. கட்டுப்போட்ட கையை மடியில் கிடத்தியபடி, சூசை இடது கையால் போனைக் கீழே வைத்தான்.

"நானும் நடக்கலைன்னே போட்டுட்டேன் ரெஜி. இந்தக் கையாவது மிஞ்சட்டும்."