காட்சிக்கு மட்டும்

பைக் கம்பெனி முதலாளி ஷோரூம் வாசலையே எட்டி எட்டிப் பார்த்தார். கடையில் யாரும் வாங்கக்கூடிய வண்டிதான் உலக சூப்பர்பைக் பந்தயத்தில் ஓடலாம் என்பது விதி. அதைச் சோதிக்க இன்று அதிகாரி வருகிறார். அவர் கைவிரித்தால் இந்தச் சின்னக் கம்பெனிக்குப் பந்தயம் வெறும் கனவுதான்.

துடைத்து நிறுத்திய ஒரே வண்டியை, கசங்கிய சட்டைக்காரர் ஒருவர் சுற்றிச் சுற்றி வந்தார்.

“என்ன விலைங்க?”

“இது விக்கறதுக்கு இல்லீங்க. பெரிய அதிகாரி பார்க்க வெச்சிருக்கோம். அடுத்த வாரம் வாங்க.”

“காசு கையில இருக்கு. இப்பவே எடுத்துக்கறேன்.”

வாசலில் கார் வந்து நின்றது. கோட்டுப் போட்டவர் இறங்கினார். முதலாளி பதறி, உதவிக்கு நின்ற மச்சானிடம் திரும்பினார்.

“மச்சான், இந்த ஆளை வெளிய அனுப்பு! நேரங்காலம் தெரியாம நந்தி மாதிரி குறுக்க நிக்கறாரு!”

மச்சான் அவரைத் தள்ளாத குறையாக வெளியேற்றினான். முதலாளி குழைந்தார். “வாங்க சார்! ஒரு பய விரல் வெக்கல, அப்படிப் பாதுகாத்திருக்கோம்.”

“நான் டிரைவருங்க. அதிகாரியைத்தான் இப்ப வெளிய அனுப்பினீங்க.”

முதலாளி வாசலுக்கு ஓடப் பார்த்தார்.

“போற கடையிலெல்லாம் ஐயா முன்னாடியே தனியா போய் விலைதாங்க கேப்பாரு,” என்றார் டிரைவர். “விலை சொன்னவங்க வண்டிதான் பந்தயத்துல ஓடுது.”