காணிக்கை முடிச்சு

"தலைய நிமித்துங்க சாமி. மூஞ்சி காட்டாதவங்களுக்குச் சோறு கெடையாது."

ஆதிலட்சுமி அம்மாள் சாம்பார் சாத வாளியும் கரண்டியுமாக நின்றார். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் அமர்ந்திருந்த காவி உடைச் சாமியார்கள் ஒவ்வொருவராக முகத்தை உயர்த்திக் காட்டிவிட்டு இலைத்தட்டை நீட்டினர். சோறு கிடைக்கும் வரை அவர்கள் எந்த அவமரியாதையையும் பொருட்படுத்துவதில்லை.

அம்மாளின் இடுப்பில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று செருகப்பட்டிருந்தது. போரில் காணாமற்போன மகன் அன்பரசன் திரும்பி வருவதற்காகக் குலதெய்வத்துக்கு முடிந்த காணிக்கை அது என்று ஊரார் பேசிக்கொண்டனர். முடிந்த காணிக்கையை வேண்டுதல் நிறைவேறும் வரை அவிழ்க்கலாகாது. அவரோ பௌர்ணமிதோறும் அதை அவிழ்த்து, மேலும் சிறிது பணம் வைத்து முடிந்துகொள்வார். துயரத்தில் முறை தவறுகிறார் என்று மற்றவர்கள் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டனர்.

கார்கிலுக்குச் சென்ற அன்பரசனும் பக்கத்து வீட்டு வேடியப்பனும் ஒரே காவலிடத்தில் இருந்தவர்கள். வேடியப்பனின் உடல் கொடி போர்த்திய பெட்டியில் வந்தது. அன்பரசனைப் பற்றி 'காணவில்லை' என்ற ஒரு சொல் மட்டுமே வந்தது. தந்தை ராஜமாணிக்கம் வேங்கிக்காலில் இருந்த அரசு அலுவலகங்களுக்கு நடையாய் நடந்து, அதே சொல்லைத்தான் ஒவ்வொரு முறையும் கேட்டு வந்தார்.

பிறகு ஒருநாள், அதே படையில் இருந்த நண்பர் ஒருவர் வந்து ஆதிலட்சுமி அம்மாளிடம் மட்டும் தனியே பேசிவிட்டுச் சென்றார். "குண்டுச் சத்தத்துல புத்தி கலங்கிடுச்சாம். சாமியாருங்களோட திரியறானாம். எங்க சுத்தினாலும் பசிக்கு இந்த மலைக்குத்தான் வருவான்" என்றார் அம்மாள். அடுத்த பௌர்ணமியிலேயே அன்னதானம் தொடங்கியது.

வேடியப்பனின் தாய் ராஜம்மாளும் மாதந்தோறும் தண்ணீர் ஊற்ற வந்துவிடுவார்.

"இந்தக் கூட்டத்துல உம் புள்ளய எங்கடி தேடுவ? பாதிப் பேரு கஞ்சா, மீதிப் பேரு கடன்காரன்."

"எங்கேருந்தாவது ஓடியாந்த ஜென்மங்கதான்க்கா எல்லாம்."

"எம் புள்ளதான் பொட்டியில வந்துட்டான். உம் புள்ளயாவது நடந்து வரட்டும்."

ஆதிலட்சுமி அம்மாள் வாளியோடு அடுத்த தட்டுக்குப் போனார். ராஜம்மாள் காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு நகர்ந்தார்.

வரிசையின் கடைசியில் இருந்த மெலிந்த சாமியார் மட்டும் குனிந்த தலையை நிமிர்த்தாமல் தட்டை நீட்டினார்.

"காது கேக்கலையா சாமி? ஓசிச் சோத்துக்கு வந்துட்டு வெக்கம் வேறயா?"

அவர் மெல்ல நிமிர்ந்தார். நெற்றி நிறைய விபூதி. மார்பு வரை தாடி. "அம்மா" என்றார். பிச்சை கேட்பவர் எல்லோரும் சொல்லும் சொல்தான்.

கரண்டி சற்று நேரம் அந்தரத்தில் நின்றது. பின்பு ஆதிலட்சுமி அம்மாள் சாதத்திலிருந்த கத்திரிக்காய்த் துண்டுகளை மட்டும் வாளிக்குள் தள்ளிவிட்டு, மீதியை அவருடைய தட்டில் வைத்தார்.

"யாருடி அது, ரொம்ப நேரமா பாக்கற? அவனா?" குழாயடியிலிருந்து ராஜம்மாள் குரல் கொடுத்தார்.

"இல்லக்கா. எவனோ பரதேசி."

"இரு, தண்ணி எடுத்துகினு வரேன். பாவம், தொண்டை அடைச்சிக்கப் போவுது."

ஆதிலட்சுமி அம்மாள் இடுப்பிலிருந்த மஞ்சள் முடிச்சை உருவினார். குனிந்து, இலைத்தட்டின் அடியில் அதை வைத்து, அந்தச் சாமியாரின் விரல்களை அதன்மேல் அழுத்தி மூடினார். இத்தனை மாதங்களாக ஒருவர் காதிலும் விழாத தாழ்ந்த குரல் அவரிடமிருந்து வந்தது.

"காசிக்குப் போற ரயில் செலவு இதுல இருக்குது. ராஜம்மா வர்றதுக்குள்ள ஓடிடு, அவ புள்ளய அங்க தனியா வுட்டுட்டு ஓடுன மாதிரியே."